ஜெப ஆலயமும் திருச்சபையும்: ஒரு பிரிவின் வரலாறு

கிறிஸ்தவ சமயம் யூத சமயத்தினின்று எப்பொழுது பிரிந்தது என்னும் வினாவிற்குப் பலவாறு விடை கூறப்படுவதுண்டு. பெந்தெகொஸ்தே நாளிலேயே பிரிந்தது என்பர் சிலர். ஸ்தேவான் கல்லெறியுண்டு மரித்த நாளில் என்பர் வேறு சிலர். எருசலேம் ஆலயம் அழிந்த கி.பி. 70-ஆம் ஆண்டைச் சுட்டுவோரும், பார் கொக்பாவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கி.பி. 135-ஆம் ஆண்டைச் சுட்டுவோரும் உளர். இவ்விடைகள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், ஒரே ஆண்டில் ஒரே நிகழ்ச்சியால் இப்பிரிவு முற்றுப்பெற்றது எனக் கூறச் சான்றுகள் இடந்தரவில்லை. பிரிவு நூற்றாண்டுக்கணக்கில் நீடித்தது. இடத்திற்கு இடம் வெவ்வேறு வேகத்தில் நிகழ்ந்தது. புதிய ஏற்பாட்டு அறிஞர் ஜேம்ஸ் டன் 1991-இல் இப்பொருள் பற்றி வெளியிட்ட நூலின் பெயரில், பிரிவு என்னும் சொல்லைப் பன்மையில் அமைத்தது இக்காரணம் பற்றியே ஆகும்.

இந்நெடிய வரலாற்றில் ஒரு செய்தி நம் கவனத்திற்கு மிகவும் உரியது. தொடக்கத்தில் திருச்சபையின் பெரும்பான்மையினர் யூதர். அவர்கள் புறஜாதியாரை, யூதராக மாறும்படி வற்புறுத்தாமலே, சபையில் ஏற்றுக்கொண்டனர். காலப்போக்கில் புறஜாதியார் பெரும்பான்மையினராயினர். அப்பொழுது அவர்கள், யூதராகவே இருந்து கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்பியோருக்கு அதே இடத்தை அளித்தனரா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, முதல் நான்கு நூற்றாண்டுகளின் சான்றுகளைச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. யூத சமயத்திற்குள் ஓர் இயக்கம்

முதல் நூற்றாண்டின் யூத சமயம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. பரிசேயர், சதுசேயர், எசேனர் எனப் பல பிரிவினர் இருந்தனர். 1947 முதல் கும்ரான் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட சுருள்கள், எருசலேமின் ஆசாரியரைக் கண்டித்து, புது உடன்படிக்கையின் மக்கள் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழுவினரை நமக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. அவர்களும் யூதரே. ஆலயத்தைக் கண்டித்ததாலோ, ஒருவரை மேசியா என அறிக்கையிட்டதாலோ மட்டும் ஒருவன் யூதன் என்னும் நிலையை இழந்துவிடவில்லை.

இப்பின்னணியில் அப்போஸ்தலர் நடபடிகளை வாசிக்கும்போது, லூக்கா கையாளும் சொற்கள் புதுப்பொருள் பெறுகின்றன. சதுசேயரைக் குறிக்க (5:17) அவர் வழங்கும் 'ஹைரேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லையே பரிசேயருக்கும் (15:5) நசரேயருக்கும் (24:5) வழங்குகிறார். அஃதாவது, இயேசுவைப் பின்பற்றியோர் யூத சமயத்தின் பிரிவுகளுள் ஒன்றாகக் கருதப்பட்டனர். முதல் விசுவாசிகள் நாள்தோறும் தேவாலயத்தில் கூடினர் (2:46). பேதுருவும் யோவானும் ஜெபவேளையில் அங்குச் சென்றனர் (3:1). விசுவாசிகளாகிய பரிசேயரும் சபையில் இருந்தனர் (15:5). பவுலடியார் ஆலோசனைச் சங்கத்தின் முன் தம்மைப் பரிசேயர் என்று கூறுங்கால், இறந்தகாலத்திலன்றி நிகழ்காலத்திலேயே கூறுகிறார் (23:6).

பவுலடியாரின் நிருபங்களிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். ஐந்து தடவை, ஒன்று குறைய நாற்பது அடிகளைத் தாம் யூதர் கையில் பெற்றதாக அவர் எழுதுகிறார் (2 கொரி. 11:24). இது உபாகமம் 25:3-ஐ அடிப்படையாகக் கொண்ட ஜெப ஆலயத் தண்டனையாகும். ஜெப ஆலயத்தை விட்டு விலகிய ஒருவர்மீது அதன் தலைவர்களுக்கு அதிகாரம் இல்லை. விலகிவிட்டால் அடியும் இல்லை. ஐந்து முறை அடிபட்ட பின்னரும் அவர் மீண்டும் அங்குச் சென்றார் என்பது, தம் மக்களின் ஐக்கியத்தை விட்டு நீங்க அவர் உடன்படவில்லை என்பதைக் காட்டுகிறது. 'புறஜாதியாரின் அப்போஸ்தலர்' என நாம் போற்றும் அவர், தாம் ஒரு மதத்தை விட்டு வேறொரு மதத்தில் சேர்ந்ததாக எங்கும் எழுதவில்லை.

யாக்கோபின் நிருபத்திலும் ஒரு குறிப்பு உண்டு. பொன்மோதிரம் அணிந்தவனும் ஏழையும் வந்து சேரும் இடத்தை (2:2) நம் பழைய தமிழ் வேதாகமம் 'ஆலயம்' எனப் பெயர்க்கிறது. அங்குள்ள கிரேக்கச் சொல் 'சினகோகே'; மற்ற இடங்களில் 'ஜெப ஆலயம்' எனப் பெயர்க்கப்படும் அதே சொல். அந்நிருபத்தைப் பெற்ற கிறிஸ்தவர்கள் தம் கூடுகையை அப்பெயராலேயே அழைத்தனர்.

2. எருசலேம் சங்கத்தின் தீர்மானம்

அந்தியோகியாவில் புறஜாதியார் திரளாகச் சபையில் சேர்ந்தபோது, அவர்கள் விருத்தசேதனம் பெற்று நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்னும் வினா எழுந்தது. ஏறத்தாழ கி.பி. 48 அல்லது 49-இல் கூடிய எருசலேம் சங்கம் இதனை ஆராய்ந்தது. தீர்மானத்தை நாம் அறிவோம்: விருத்தசேதனம் தேவையில்லை, விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகியவற்றை மட்டும் விலக்கினால் போதும் (அப். 15:20, 29).

இத்தீர்மானத்தைப் புறஜாதியாரின் விடுதலைச் சாசனமாக நாம் போற்றுவது முறையே. ஆனால், அதனை அளித்தவர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். சங்கத்தில் தீர்ப்புக் கூறியவர் யாக்கோபு. அவரைச் சூழ இருந்தோர் யூத விசுவாசிகள். அவர்களுக்கு விருத்தசேதனம் ஒரு வெற்றுச் சடங்கு அன்று. ஆபிரகாமுடன் தேவன் செய்த உடன்படிக்கையின் அடையாளம் அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகு எப்பிபானஸ் அதனைத் தடைசெய்தபோது, அதைக் கைவிட மறுத்துத் தாய்மாரும் குழந்தைகளும் உயிர் துறந்தனர் என்பதை மக்கபேயர் நூல்களால் அறிகிறோம். தம் முன்னோர் உயிரினும் மேலாகக் காத்த ஒன்றை மற்றவர்மீது சுமத்தாமல் விடுவது எளிதன்று. அதிகாரம் தம்மிடம் இருந்தபோது அவர்கள் அதைச் செய்தனர்.

சங்கம் மற்றொன்றையும் செய்யவில்லை. யூத விசுவாசிகள் நியாயப்பிரமாணத்தைக் கைவிட வேண்டுமென அது கூறவில்லை. பல்லாயிரம் யூத விசுவாசிகள் அதன்மீது வைராக்கியம் கொண்டிருந்ததாக நடபடிகள் 21:20 கூறுகிறது. ஆக, ஒரே கிறிஸ்துவின் சபையில் இரு வாழ்க்கைமுறைகள் நிலவலாம் என்பதே அத்தீர்மானத்தின் உட்பொருள். உடன்பந்தியில் சிக்கல்கள் எழுந்தன என்பது மெய். கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் அதற்குச் சான்று. ஆயினும் கொள்கை தெளிவாக இருந்தது.

3. ஆலயத்தின் அழிவும் அதன் பின்னும்

கி.பி. 62-இல் ஆண்டவரின் சகோதரராகிய யாக்கோபு கொல்லப்பட்டார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இதனைக் குறித்துள்ளார். ரோம ஆளுநர் பெஸ்து மறைந்து, அடுத்தவர் வந்து சேருமுன், பிரதான ஆசாரியனாகிய அனனு இதற்கு ஏற்பாடு செய்தான். நகரத்தில் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொண்டோர் இச்செயலைக் கண்டு மனம் வருந்தி முறையிட்டனர் என்றும், அதனால் அனனு பதவி இழந்தான் என்றும் யோசேப்பஸ் எழுதுகிறார். அவர்கள் பரிசேயராக இருத்தல் கூடும் என்பது பல அறிஞரின் கருத்து. எருசலேம் சபைத் தலைவரின் கொலையைக் கண்டித்தவர்கள், கிறிஸ்தவரல்லாத யூதர்கள். சபையும் பரிசேயரும் எந்நாளும் பகைவர் எனக் கருதுவோர் இப்பகுதியை மறத்தலாகாது.

கி.பி. 66-இல் ரோமருக்கு எதிரான போர் மூண்டது. எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா என்னும் ஊருக்குச் சென்றனர் என யூசேபியஸ் கூறுகிறார். இச்செய்தியை ஐயுறும் ஆய்வாளரும் உளர். கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தது. பலியும் ஆசாரியத்துவமும் நின்றன. சதுசேயரும் எசேனரும் வரலாற்றிலிருந்து மறைந்தனர். எஞ்சி, வருங்காலத்தை நோக்கி நடந்தவை இரண்டு மரபுகள்: ஒன்று, பரிசேயர் வழிவந்த ரபீமாரின் மரபு, மற்றொன்று, இயேசுவை மேசியா என அறிக்கையிட்டோரின் மரபு. ஆலயமின்றித் தேவனைத் தொழுவது எவ்வாறு என்னும் வினாவிற்கு இரண்டும் விடை தேடின. ஒரு வீட்டில் பிறந்த இருவர் ஒரே சொத்துக்கு உரிமை கோருங்கால் எழும் கசப்பே, அக்காலத்து நூல்கள் சிலவற்றில் நாம் காணும் கடுஞ்சொற்களுக்குக் காரணம்.

ரோம அரசும் இப்பிரிவிற்கு ஒரு வகையில் காரணமாயிற்று. யூதர் முன்னர் எருசலேம் ஆலயத்திற்குச் செலுத்திய வரியை, வெஸ்பாசியன் ரோமாபுரியின் ஜூப்பிட்டர் கோவிலுக்கு உரியதாக்கி, ஆண்டுக்கு இரண்டு திராக்மா வீதம் யூதர் அனைவர்மீதும் விதித்தான். அப்பொழுது, யார் யூதர், யார் யூதரல்லர் என்பதை வரி தண்டுவோர் வரையறுக்க வேண்டியதாயிற்று. டொமீஷியன் காலத்தில் இவ்வரி மிகக் கடுமையாக வசூலிக்கப்பட்டது. அம்முறைகேட்டை நீக்கிய நெர்வா, கி.பி. 96-இல் அதனை அறிவிக்கும் நாணயமும் வெளியிட்டான். இறையியலாளர் வரையறுக்குமுன் வருவாய்த் துறை வரையறுத்தது எனலாம்.

ஏறத்தாழ கி.பி. 90-இல் யாம்னியாவில் கூடிய ரபீமாரின் சங்கம், வழிபாட்டு மன்றாட்டில் ஒரு சாபத்தைச் சேர்த்துக் கிறிஸ்தவர்களை ஜெப ஆலயத்தினின்று வெளியேற்றியது என்பது முன்பு பாடநூல்களில் காணப்பட்ட கருத்து. யோவான் நற்செய்தியில் ஜெப ஆலயத்திற்குப் புறம்பாக்கப்படுதல் பற்றி வரும் பகுதிகள் (9:22, 12:42, 16:2) இதனோடு இணைத்து விளக்கப்பட்டன. 1980-களிலிருந்து ஆய்வாளர் பலர் இக்கருத்தை மறுத்துள்ளனர். அத்தகைய அதிகாரம் படைத்த ஒரே சங்கம் யாம்னியாவில் கூடியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அம்மன்றாட்டு முதலில் 'மினிம்' எனப்பட்ட யூதப் பிரிவினைக்காரரைக் குறித்தது. நசரேயர் என்னும் சொல் அதில் காணப்படுவது, கெய்ரோவின் பழைய ஜெப ஆலயத்தில் கிடைத்து 1898-இல் வெளியிடப்பட்ட பிற்காலப் பிரதிகளிலேயாம். யோவானின் சபையார் தம் ஊரில் கசப்பான விலக்கத்தை அனுபவித்திருத்தல் கூடும். ஆனால் உலகெங்கும் ஒரே நாளில் கதவு அடைக்கப்பட்டது எனக் கூற இயலாது.

4. இரண்டாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம்

கி.பி. 132 முதல் 135 வரை நிகழ்ந்த பார் கொக்பாவின் கிளர்ச்சி பெரும் விளைவுகளை உண்டாக்கியது. அவனை மேசியா எனச் சிலர் ஏற்றனர். இயேசுவை மேசியா என அறிக்கையிட்ட யூத விசுவாசிகள் அவனை ஏற்க இயலாது. அவர்கள் கிறிஸ்துவை மறுதலியாவிட்டால் தண்டிக்கப்பட்டனர் என ஜஸ்டின் எழுதுகிறார். கிளர்ச்சி ஒடுங்கிய பின், ஏட்ரியன் எருசலேமை ஏலியா கப்பித்தோலினா என்னும் ரோம நகரமாக்கி, யூதர் அதனுள் நுழைதலைத் தடைசெய்தான். அதுவரை எருசலேமில் விருத்தசேதனமுள்ள பதினைந்து பேராயர்கள் ஒருவர்பின் ஒருவராக இருந்தனர் என்றும், அதன் பின் மாற்கு என்னும் புறஜாதியார் முதன்முறையாக அப்பதவியை ஏற்றார் என்றும் யூசேபியஸ் கூறுகிறார். திருச்சபையின் தாய்நகரில், யாக்கோபின் இருக்கையில், யூதர் அமர இயலாத நிலை உண்டாயிற்று.

மனப்போக்கிலும் மாற்றம் காண்கிறோம். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னேஷியஸ், மக்னேசியருக்கு எழுதிய நிருபத்தில், கிறிஸ்துவை அறிக்கையிட்டு யூத முறைமையில் வாழ்தல் பொருந்தாது என்கிறார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் எழுதப்பெற்ற, ட்ரைஃபோ என்னும் யூதரோடு உரையாடுவதாக ஜஸ்டின் அமைத்த நூலின் 47-ஆம் அதிகாரம் நம் வினாவிற்கு நேரடியாக விடை தருகிறது. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டே கிறிஸ்துவை விசுவாசிக்கும் யூதன் இரட்சிக்கப்படுவானா என ட்ரைஃபோ வினவுகிறார். மற்றவரை அவன் வற்புறுத்தாதவரையில் இரட்சிக்கப்படுவான் என்பது ஜஸ்டினின் விடை. ஆனால், அத்தகையோருடன் உரையாடவோ உணவருந்தவோ துணியாத கிறிஸ்தவர்கள் உள்ளனர் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். தாம் அவர்களோடு உடன்படவில்லை என்கிறார்.

எருசலேம் சங்கத்திற்கும் இந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகள். அங்கே, புறஜாதியார் இரட்சிக்கப்படுவரா என யூத விசுவாசிகள் ஆராய்ந்தனர். இங்கே, யூத விசுவாசி இரட்சிக்கப்படுவானா எனப் புறஜாதி விசுவாசிகள் ஆராய்கின்றனர். வினா தலைகீழாகிவிட்டது, விடையும் முன்னைவிடத் தயக்கத்துடன் வருகிறது.

இதே காலத்தில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு எனப் போதித்தார். பழைய ஏற்பாட்டை முற்றிலும் நீக்கி, திருத்தப்பட்ட லூக்கா நற்செய்தியையும் பவுலடியாரின் பத்து நிருபங்களையும் மட்டுமே வேதமாகக் கொண்டார். ரோமாபுரிச் சபை கி.பி. 144-இல் அவரை விலக்கியது. இஸ்ரவேலின் வேதம் நம் வேதமே, இஸ்ரவேலின் தேவன் நம் தேவனே எனத் திருச்சபை அன்று உறுதி செய்தது அதன் வரலாற்றில் மாபெரும் முடிவுகளுள் ஒன்று. எனினும், அவ்வேதத்தை அளித்த மக்களுக்கு அதில் இனிப் பங்கில்லை என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது. வேதத்தைக் காத்தோம், அதைக் காத்துத் தந்தவர்களைத் தள்ளினோம்.

5. பஸ்கா நாள் பற்றிய வழக்கு

இம்மனப்போக்கின் வளர்ச்சியை, உயிர்த்தெழுதல் பண்டிகையின் நாள் பற்றிய வழக்கில் படிப்படியாகக் காணலாம். சின்ன ஆசியாவின் சபைகள் யூதரின் நாட்காட்டியை ஒட்டி, நிசான் மாதம் பதினான்காம் நாளில், அது வாரத்தின் எந்நாளாயினும், பஸ்காவை ஆசரித்தன. யோவானிடமிருந்து பெற்ற வழக்கம் இது என்பது அவர்கள் கூற்று. ரோமாபுரிச் சபையோ ஞாயிற்றுக்கிழமையை வலியுறுத்தியது.

ஏறத்தாழ கி.பி. 155-இல், சிமிர்னாவின் பேராயர் பொலிக்கார்ப் ரோமாபுரிக்குச் சென்று அனிக்கேத்தஸைச் சந்தித்தார். இருவரும் தத்தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அனிக்கேத்தஸ் தம் சபையில் திருவிருந்து நடத்தும் உரிமையைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார், சமாதானத்தோடு பிரிந்தனர். ஏறத்தாழ கி.பி. 190-இல் ரோமாபுரிப் பேராயர் விக்டர், இதே காரணத்திற்காக ஆசியச் சபைகளை ஐக்கியத்தினின்று நீக்க முற்பட்டார். எபேசுவின் பொலிக்கிராத்தேஸ் தம் முன்னோரின் பெயர்களைச் சுட்டி மறுத்தெழுதினார். லியோனின் ஐரேனியஸ், தாம் ஞாயிற்றுக்கிழமையை ஆதரித்தபோதிலும், விக்டரைக் கடிந்து, அனிக்கேத்தஸின் முன்மாதிரியை நினைவூட்டினார்.

கி.பி. 325-இல் நிசேயா சங்கம் இவ்வழக்கை முடித்தது. அதன் முடிவை அறிவித்துக் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதிய கடிதத்தை யூசேபியஸ் தந்துள்ளார். பண்டிகை நாளில் ஒற்றுமை வேண்டும் என்பது அதில் ஒரு காரணம். யூதருடன் நமக்குப் பொதுவானது எதுவும் இருத்தலாகாது என்பது மற்றொரு காரணம். அதனை மன்னன் இகழ்ச்சி நிறைந்த சொற்களால் கூறுகிறான். அன்பால் தாங்கப்பட்ட வேறுபாடு, முதலில் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாகி, பின்னர் வெறுப்புக்குரிய பொருளாயிற்று. ஆண்டவரே ஆசரித்த பண்டிகையின் நாள் பற்றி இவ்வாறு நேர்ந்தது.

6. மக்கள் அறிந்த உறவு

பேராயர்களின் எழுத்துகளை மட்டும் நோக்கினால், பிரிவு விரைவில் முற்றுப்பெற்றதாகத் தோன்றும். ஆனால், அவர்கள் எவற்றைக் கண்டித்தனர் என நோக்கின், சாதாரண விசுவாசிகளின் வாழ்க்கை வேறாக இருந்தமை புலனாகும். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், முந்திய நாள் ஜெப ஆலயத்தில் கேட்டதை ஞாயிறன்று சபையில் பேசுவோரைக் கடிந்துகொள்கிறார். சீரியாவின் எல்லையில் யூப்ராத்து நதிக்கரையிலிருந்த தூரா எவுரோப்பஸ் நகரத்தில், சுவரோவியங்கள் நிறைந்த ஜெப ஆலயமும், கிறிஸ்தவர் கூடிய வீட்டுச்சபையும் நகரின் மேற்கு மதிலை ஒட்டிய ஒரே தெருவில் இருந்தன. கி.பி. 256 அளவில் அந்நகரம் வீழ்ந்தது. முற்றுகைக் காலத்தில் மதிலை வலுப்படுத்தக் கொட்டிய மண்ணுள் புதைந்த இவ்விரு கட்டடங்களும் 1930-களில் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம், கிறிஸ்தவர் ஓய்வுநாளில் வேலை செய்யாதிருத்தலையும், யூதரிடமிருந்து பண்டிகைப் பொருள்களையும் புளிப்பில்லா அப்பத்தையும் பெறுதலையும் தடைசெய்தது. நிகழாத ஒன்றை எச்சங்கமும் தடைசெய்வதில்லை. அண்டை வீட்டாரிடையே பலகாரம் பரிமாறப்பட்ட செய்தியை இத்தடையால் அறிகிறோம்.

கி.பி. 386-387-இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தொம் ஆற்றிய எட்டுப் பிரசங்கங்கள் இதற்கு மிக விரிவான சான்று. அவருடைய சபையார் யூதரின் பண்டிகைகளுக்கும் உபவாசங்களுக்கும் சென்றனர். ஜெப ஆலயத்தில் இட்ட ஆணை அதிக வலிமையுள்ளது என நம்பி, வழக்குகளைத் தீர்க்க அங்குச் சென்றனர். நோய் நீங்க யூத மருத்துவரை நாடினர். இதனைத் தடுக்கவே அவர் அப்பிரசங்கங்களை ஆற்றினார். அவர் சொல்வன்மை திருச்சபை அறிந்ததே. அவ்வன்மை முழுவதும் இங்கே யூதரை இழித்துரைப்பதில் செலவிடப்பட்டது. அவர் எண்ணியிருக்க இயலாத காலங்களிலும் இடங்களிலும் அச்சொற்கள் பின்னர் எடுத்தாளப்பட்டன. தம் சபையாரைக் காக்க எண்ணிப் பேசும் போதகர், தாம் பேசும் அயலாரைப் பற்றிய சொற்களுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவராவார்.

கி.பி. 388-இல், யூப்ராத்துக் கரையிலிருந்த கல்லினிக்கம் என்னும் ஊரில், பேராயரின் தூண்டுதலால் கிறிஸ்தவர்கள் ஒரு ஜெப ஆலயத்தை எரித்தனர். பேராயரே அதனைக் கட்டித்தர வேண்டுமெனப் பேரரசன் தியோடோசியஸ் ஆணையிட்டான். மிலான் பேராயர் அம்புரோஸ் அதனை எதிர்த்து, ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார். நீதி அன்று அரண்மனையில் பிறந்து, திருப்பீடத்தின் முன் மடிந்தது.

இதே காலத்திலும், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு கிறிஸ்துவை விசுவாசித்த நசரேயர் சீரியப் பகுதியில் வாழ்ந்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீனுக்கு எழுதிய கடிதத்தில் ஜெரோம் அவர்களைக் குறிப்பிடுகிறார். கிறிஸ்துவின் கன்னிப்பிறப்பையும் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் அவர்கள் விசுவாசித்தனர் என அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும், யூதராகவும் கிறிஸ்தவராகவும் இருக்க விரும்பும் அவர்கள் இரண்டுமல்லர் என்பது அவர் தீர்ப்பு. யாக்கோபும் பேதுருவும் அன்று வந்திருப்பின், அவர்களுக்கும் இத்தீர்ப்பே கிடைத்திருக்கும்.

7. வழிபாட்டில் நிலைத்திருப்பவை

மறுக்கப்பட்ட வேர் மறைந்துபோகவில்லை. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா ஆகியவை எபிரேயச் சொற்கள், மாரநாதா அரமேயம். புறஜாதிச் சபைகளிலும் இவை மொழிபெயர்க்கப்படாமலே வழங்கின. வேதவாசிப்பும் அதனைத் தொடரும் விளக்கவுரையும் ஜெப ஆலயத்தின் முறை (லூக்கா 4:16-21; அப். 13:15). ஏசாயா 6:3-இலுள்ள முப்பரிசுத்தப் புகழ்ச்சியை யூதரும் நாமும் வழிபாட்டில் பயன்படுத்துகிறோம். மூப்பர் என்னும் பதவியும், வாரம் ஏழு நாள் என்னும் ஒழுங்கும் அங்கிருந்தே வந்தன. 'டிடாக்கே' என்னும் பழைய ஒழுங்கு நூல் தரும் திருவிருந்து மன்றாட்டுகள், யூதர் உணவுக்குப் பின் சொல்லும் நன்றி மன்றாட்டுகளை ஒத்திருத்தலை அறிஞர் சுட்டியுள்ளனர். அந்நூல் யூதரைப் போலத் திங்களும் வியாழனும் உபவாசியாமல், புதனும் வெள்ளியும் உபவாசிக்கும்படி கூறுகிறது. நாளை மாற்றியபோதும், வாரம் இரு நாள் என்னும் வழக்கம் மாறவில்லை.

இவ்வேரை வெட்டியெறிய முற்பட்ட காலமும் உண்டு. 1933 நவம்பரில் பெர்லினில் கூடிய 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்' இயக்கத்தின் பெருங்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டை விட்டொழிக்க வேண்டுமென வெளிப்படையாகக் கோரப்பட்டது. ஜெர்மானியச் சபை வாழ்விலிருந்து யூதச் சார்பை நீக்குவதற்கென்றே 1939-இல் ஐசனாக் நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் வால்டர் குருண்ட்மன் அதனை நடத்தினார். யூதச் சார்பு நீக்கிய புதிய ஏற்பாட்டை 1940-இலும், எபிரேயச் சொற்களை நீக்கிய பாட்டுப் புத்தகத்தை 1941-இலும் அது வெளியிட்டது. அல்லேலூயா என்னும் சொல்லைப் பாட்டிலிருந்து நீக்கிய அதே ஆண்டுகளில், அச்சொல்லைத் தந்த மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். இது சீர்திருத்தச் சபைகளின் நாட்டில், மார்ட்டின் லூத்தர் 1543-இல் யூதருக்கு எதிராக எழுதிய கொடிய நூலை அறிந்த மக்களிடையே நிகழ்ந்தது என்பதை நாம் மறைத்தலாகாது. 1965-இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணத்திற்கு யூதர் அனைவரையும் குற்றவாளிகளாக்குதலை மறுத்தது. அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை 1994-இல், லூத்தரின் அவ்வெழுத்துகளை வெளிப்படையாகத் தள்ளியது.

8. நம் ஊழியத்திற்கு

நம் சபைகளுக்கு அண்மையில் ஜெப ஆலயங்கள் இல்லை. ஆகவே இவ்வரலாறு நமக்குத் தொலைவானது எனக் கருதுதல் கூடும். ஆனால் பிரசங்க பீடத்தில் நாம் அதனை ஆண்டுதோறும் தொடுகிறோம். பெரிய வெள்ளியன்று யோவான் நற்செய்தியின் பாடுகளின் பகுதியை விளக்குங்கால், யூதர் என்னும் சொல் பல இடங்களில் எருசலேமின் அதிகாரிகளைக் குறிக்கிறது என்பதையும், ஆண்டவரும் அவர் தாயாரும் சீடரும் யூதரே என்பதையும் சபையாருக்கு எடுத்துரைத்தல் நம் கடமை. இரட்சிப்பு யூதர் வழியாக வருகிறது எனக் கூறுவதும் அதே நற்செய்தியே (4:22). மாய்மாலக்காரனுக்கு மறுபெயராகப் பரிசேயன் என்னும் சொல்லை வழங்குமுன், ஏரோதைப் பற்றி ஆண்டவரை எச்சரித்த பரிசேயரையும் (லூக்கா 13:31), சங்கத்தில் நியாயம் பேசிய கமாலியேலையும் (அப். 5:34-39) நினைத்தல் வேண்டும்.

பழைய ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். இந்நாட்டின் சமய நூல்களே நமக்குப் பழைய ஏற்பாடாக அமையலாகாதோ என்னும் வினா இந்தியத் திருச்சபையில் எழுந்ததுண்டு. நம் பண்பாட்டின் செல்வங்களை மதிக்கும் நன்னோக்கம் அவ்வினாவில் உண்டு. எனினும் மார்சியோனுக்குச் சபை அளித்த விடை இங்கும் பொருந்தும். இயேசு யார் என்பதை ஆபிரகாம், மோசே, தாவீது, ஏசாயா ஆகியோரின்றி விளக்க இயலாது. அதே வேளையில், வேரை மதித்தல் என்பது யூதச் சடங்குகளை நாம் மேற்கொள்வதன்று. எக்காளம் ஊதுதலும், பஸ்கா விருந்து நடத்துதலும் நம்மை அதிக வேதபூர்வமானவர்களாக்கிவிடா. எருசலேம் சங்கம் அச்சுமையை நம்மீது வைக்கவில்லை. இன்றைய இஸ்ரவேல் அரசின் செயல்கள் எல்லாவற்றையும் ஆதரித்தலும் இதனால் கடமையாகிவிடாது. அங்கு நீதி, அநீதி பற்றிய வினாக்களைத் தீர்க்கதரிசிகளின் அளவுகோல் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஒட்டப்பட்ட கிளை, வேரை நோக்கிப் பெருமை பாராட்டலாகாது எனப் பவுலடியார் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார் (ரோமர் 11:17-24). அச்சபையில் புறஜாதியார் அப்பொழுதே பெருகத் தொடங்கியிருந்தனர். யாருடைய எண்ணிக்கை கூடுகிறதோ, அவர்களுடைய வழக்கமே நற்செய்தியாக எண்ணப்படும் ஆபத்தை அவர் முன்னுணர்ந்தார் போலும். அவருடைய எச்சரிப்பைச் சபை செவிகொள்ளவில்லை என்பதே மேற்கண்ட வரலாறு.

இவ்வாபத்து பழங்காலத்தோடு முடிந்ததன்று. குலத்தாலோ, மொழியாலோ, பல தலைமுறை உறுப்பினர் என்னும் பெருமையாலோ ஒரு கூட்டத்தார் பெரும்பான்மையினராக உள்ள சபைகள் நம்மிடையே பல. பின்னர் வந்து சேர்வோர், அப்பெரும்பான்மையோரின் பாட்டையும் பழக்கத்தையும் தலைமையையும் ஏற்றாலன்றி முழு உறுப்பினராகக் கருதப்படாத நிலையைக் கண்ணாரக் காண்கிறோம். எருசலேமில் யாக்கோபின் முன் இருந்த வினா, இன்று நம் குருசேகரக் கமிட்டிகளின் முன்னும் இருக்கிறது. அன்று அதிகாரம் இருந்தவர்கள், தமக்கு அருமையான ஒன்றை மற்றவர்மீது சுமத்தாமல் விட்டதனால் நாம் உள்ளே வந்தோம். அவ்வாறு வந்த நாம், கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்னும் அப்போஸ்தலரின் வேண்டுகோளுக்கு (ரோமர் 15:7) நம் சபைகளில் இடந்தருவோமாக.